ஈஸ்ட்டா, சோடா உப்பா, கடலைக்கொடியா? தீபாவளிக் குட்டிகளுக்கு ஒரு கணக்கு

சேடபட்டிப் பக்கம் இருக்கிற என் மாப்பிள்ளை ஆடி கடைசியில் இருபத்தைந்து கிடாக்குட்டி பிடித்தான். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பாதி, எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் மீதி. பெரும்பாலும் கீழக்கரிசல், நாலைந்து வேம்பூர்ப் பொட்டுக்குட்டி, இரண்டும் செம்மறி ரகம். மூன்றரை மாத வயது, சராசரி 14 கிலோ. எழுபது நாள் கொட்டிலில் கட்டித் தேற்றி, புரட்டாசி விரதம் முடிந்து விலை ஏறும்போது தீபாவளிக்கு விற்பது அவன் திட்டம்.

பிடித்த மூன்றாம் நாளே போன். "மாமா, தீவனக் கடையில ஈஸ்ட்டுனு ஒரு பாக்கெட்டக் காட்டுறாங்க. இதப் போட்டா குட்டி ஊதிரும்ங்கிறாங்க. பக்கத்துப் பால்காரரு சோடா உப்பே போதும்ங்கிறாரு. அப்பத்தா என்னடான்னா, கொடியப் போடுறா, அது என்னடா பொடினு திட்டுது. எதத்தான் கேக்குறது?"

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எந்தக் குட்டிக்கு, எந்தத் தீவனத்துக்கு என்பதுதான் வேறு. அவனுக்குப் போனில் அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். செம்மறியின் பெருவயிறு ஒரு புளிக்கிற பானை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் தழையையும் கொடியையும் நொதிக்கவைத்துத்தான் ஆட்டுக்குச் சத்தாக மாற்றுகின்றன. பானையின் புளிப்பு அளவோடு இருக்கும் வரை, அதாவது அமிலகாரக் குறியீடு (pH, இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்கு மேல் நிற்கும் வரை, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சுகமாக வேலை செய்யும். தானியத்தைத் திடீரென்று அள்ளிப்போட்டால் மாவுச்சத்தைத் தின்னும் கூட்டம் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கக்கும். குறியீடு 5.5-க்குக் கீழே போனால் நார் தின்னும் கூட்டம் சுருண்டுவிடும். 5-ஐ நெருங்கினால் குட்டியே சுருண்டுவிடும்.

அந்தச் சாவை நான் கண்ணால் பார்த்தவன். சில வருடம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் மிஞ்சின சோற்றை இரண்டு அண்டா இனாமாகக் கொடுத்தார்கள். வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு கொண்டுவந்து சாயங்காலம் கொட்டினேன். விடியற்காலையில் பார்த்தால் ஒன்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்று எழவே இல்லை, சாம்பல் நிறத்தில் புளித்த வாடையோடு கழிச்சல். அன்றைக்கு இரண்டு போயின. பிழைத்த ஒன்று குளம்பில் வலி கண்டு கடைசிவரை நொண்டிக்கொண்டே வளர்ந்தது. மண்டபத்துக்காரர்மேல் குற்றமில்லை. வெந்த சோறு தானியத்தைவிட வேகமாகப் புளிக்கும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

ஈஸ்ட்டும் சோடாவும் கொடியும் போட்டி போடுவது இந்த ஒரு இடத்தில்தான்: பானை அளவுக்கு மீறிப் புளிக்காமல் பார்த்துக்கொள்வது.

கொடி எப்படி அதைச் செய்கிறது என்பதை முதலில் சொல்கிறேன், இதைத்தான் எல்லோரும் மலிவாக நினைக்கிறார்கள். நீளமான நார் உள்ள கடலைக்கொடியோ சோளத்தட்டையோ தின்றால் ஆடு அதை அசைபோட்டே ஆகவேண்டும். அசைபோட்டால் உமிழ்நீர் ஊறும். வளர்ந்த செம்மறிக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 16 லிட்டர் வரை ஊறும், ஒரு குடத்துக் கணக்கு. அந்த உமிழ்நீரில் இருப்பது சோடா உப்பில் இருக்கிற அதே பைகார்பனேட். ஆக, கொடி தின்கிற ஆடு தனக்கான சோடாவைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. அப்பத்தாவுக்கு இந்த வேதியியல் தெரியாது, ஆனால் கொட்டிலுக்குள் போனதும் எத்தனை குட்டி அசைபோடுகிறது என்று பார்க்கிற பழக்கம் அதற்கு உண்டு. தின்று முடித்துப் படுத்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் வாய் அசைந்துகொண்டிருந்தால் வயிறு சரி என்று அர்த்தம். வாய் நின்றுபோன பட்டியில் எந்தப் பாக்கெட்டும் முழுசாகக் காப்பாற்றாது.

கொடியை மாவாக அரைத்துப் போட்டால் இந்தப் பலன் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விரல் நீளத்துக்கு நறுக்கினால் போதும். மக்காச்சோளமும் அப்படித்தான், மில்லில் மாவாக்காமல் இரண்டு மூன்றாக உடைத்த குருணையாகக் கொடுத்தால் மெதுவாகப் புளிக்கும்.

சோடா உப்பு நேரடி ஆள். அமிலம் வந்தபின் போய் அதை முறிக்கும். தானியமும் தவிடும் புண்ணாக்குமாகக் கலக்கிற அடர்தீவனத்தில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு கலப்பது வழக்கம். விலை குறைவு, வெயிலில் கெடாது, மளிகைக்கடையிலேயே கிடைக்கும். புதிதாகத் தானியத்துக்குப் பழக்குகிற முதல் இரண்டு வாரத்துக்கு இது நல்ல துணை. ஆனால் கிடாக்குட்டி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தவிடும் தானியமும் கூடுதலாகத் தின்கிற கிடாக்களுக்கு மூத்திரக்குழாயில் கல்லடைப்பு வரும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு என்பது காரணம். அதைத் தடுக்கத்தான் சிலர் தீவனத்தில் அம்மோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள், அது மூத்திரத்தைப் புளிப்பாக்கிக் கல்லைக் கரையவைக்கும். சோடாவோ மூத்திரத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டையும் ஒரே வாளியில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றை ஒன்று அடித்துப்போட்டு இரண்டு காசும் வீண். எழுபது நாளும் சோடாவைத் தொடர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி ஈஸ்ட். பன்னை உப்பவைக்கிறதும் கள்ளை நுரைக்கவைக்கிறதும் எதுவோ, அதுவேதான். அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை முழுக்கத் தடை செய்தபோது, அந்த இடத்தில் வேறு எதை வைக்கலாம் என்ற தேடலில் இதற்கு மவுசு கூடியது. உயிருள்ள ஈஸ்ட் பெருவயிற்றுக்குள் போனதும் இரண்டு மூன்று வேலை பார்க்கிறது. தழையோடும் தண்ணியோடும் உள்ளே போகிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் விஷம் மாதிரி. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கிற நல்ல கூட்டத்துக்கு வைட்டமின் மாதிரியான ஊட்டம் கொடுக்கிறது. மாவுச்சத்துக் கூட்டத்தோடு சர்க்கரைக்குப் போட்டியும் போடுகிறது. சோடா அமிலத்தை முறிக்கிறது என்றால், ஈஸ்ட் அமிலம் சேராமல் பார்க்க முயல்கிறது.

"முயல்கிறது" என்று தெரிந்தேதான் எழுதினேன். கறவை மாடுகளில் இதற்கு நிறையச் சோதனை நடந்திருக்கிறது, குட்டிகளில் அதைவிடக் குறைவு. குட்டிகளில் நடந்தவற்றிலும் முடிவு ஒரே மாதிரி இல்லை: சிலவற்றில் எடை கூடியது, பலவற்றில் ஈஸ்ட் தின்ற கூட்டமும் தின்னாத கூட்டமும் ஒரே எடையில் நின்றன. தானியம் கூடுதலாக, நார் குறைவாக இருக்கிற தீவனத்தில் பலன் தெரிய வாய்ப்பு அதிகம். நல்ல கொடியும் தழையும் தின்று பானை ஏற்கெனவே சரியாகப் புளிக்கிற குட்டிக்கு ஈஸ்ட் திருத்துவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. "குட்டி ஊதிரும்" என்பது கடைக்காரர் பேச்சு.

பாக்கெட்டில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

மாப்பிள்ளை அனுப்பின போட்டோவில் மூன்று வகைப் பாக்கெட் இருந்தது, மூன்றுக்கும் பெயர் ஈஸ்ட். விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒன்று, உயிருள்ள ஈஸ்ட். கிராமுக்கு எத்தனை கோடி உயிரணு என்று போட்டிருக்கும். சோதனைகளில் குட்டிக்கு நாளொன்றுக்குப் பெரும்பாலும் நூறு கோடியிலிருந்து ஆயிரம் கோடி வரை கொடுக்கிறார்கள். ஒரு பாக்கெட் கிலோ 900 ரூபாய், கிராமுக்கு ஆயிரம் கோடி. இன்னொன்று கிலோ 300 ரூபாய், கிராமுக்கு நூறு கோடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். அணுக் கணக்கில் பார்த்தால் அது மூன்று மடங்குக்கு மேல் விலை கூடுதல், மீதி எடை தவிடு. எண்ணிக்கையே போடாத பாக்கெட்டை நான் கையால் தொடமாட்டேன்.

இரண்டு, ஈஸ்ட் கல்ச்சர். ஈஸ்ட்டை ஒரு ஊடகத்தில் வளர்த்து, அந்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்தியது. உயிரை நம்பி இல்லை, நொதித்ததில் கிடைத்த சத்தை நம்பி இருக்கிறது. சூட்டில் கெடாது என்பதால் குச்சித் தீவனத்துக்குள் (பெல்லட்) போட ஏற்றது.

மூன்று, பீர் ஆலையில் மிஞ்சுகிற செத்த ஈஸ்ட். புரதம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், பி வைட்டமின்களும் உண்டு. இதைப் புண்ணாக்குக்குப் பதிலாக யோசிக்கலாம், ஒரு கிராம் போட்டு அமிலத்தைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. புண்ணாக்கு விலையோடு ஒப்பிட்டு வாங்கவேண்டிய சரக்கு.

பேக்கரி ஈஸ்ட் போடலாமா என்றும் கேட்டான். உயிருள்ளதுதான், தின்றால் கேடில்லை. மாவை உப்பவைக்கத் தேர்ந்தெடுத்த ரகம், பெருவயிற்றில் தாக்குப்பிடிக்கத் தேர்ந்தெடுத்த ரகம் இல்லை என்பதே வித்தியாசம். தோசைமாவு, நீச்சத்தண்ணி என்று சிலர் சொல்வது வேறு கதை: இட்லிமாவைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா. எந்த அமிலத்துக்குப் பயந்து இவ்வளவும் பேசுகிறோமோ அதையே சொம்பில் ஊற்றிக் கொடுக்கிற மாதிரி.

கால்நடைத் தீவனப் பாக்கெட்டில் இன்னொன்றும் பார்க்கவேண்டும், இது உயிர்ப்பிரச்சினை. மாட்டுக்கு என்று வருகிற பல கலவைகளில் ஈஸ்ட்டோடு தாது உப்பும் சேர்ந்தே வரும், அதில் தாமிரம் இருக்கும். மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் மஞ்சள்காமாலையும் காப்பி நிற மூத்திரமுமாக வெளியே வரும், அப்புறம் பிழைப்பது அபூர்வம். செம்மறிக்கு என்று தனியாகப் போடாத கலவை வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் ஈஸ்ட் பிழைக்குமா?

இதுதான் நான் அவனிடம் அதிகம் பேசினது. தகரக் கொட்டிலில் மதியம் கை வைக்கமுடியாத சூட்டில் மூட்டைமேல் வைத்த பாக்கெட்டில் பத்து நாள் கழித்து எத்தனை கோடி மிஞ்சும்? ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகச் சாகும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். ஈஸ்ட்டுக்கு அந்த இரண்டுமே ஆகாது. வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில், இறுகமூடிய டப்பாவில் வைக்கவேண்டும். ஒரு மாதத்துக்கான தீவனத்தை மொத்தமாகக் கலந்து தாது உப்போடு ஊறப்போடக் கூடாது, அன்றன்றைக்குக் கைப்பிடித் தவிட்டில் கலந்து மேலே தூவவேண்டும். சூடான கஞ்சியில் கலந்தால் கதை முடிந்தது. குச்சித் தீவனத்தை அழுத்தும்போது நீராவிச் சூடு 70 பாகையைத் தாண்டும், ஆகவே "உயிருள்ள ஈஸ்ட் கலந்த குச்சித் தீவனம்" என்றால் சூட்டைத் தாங்கும் பூச்சு உண்டா, இல்லை குச்சியான பிறகு மேலே தெளித்ததா என்று கேட்கவேண்டும்.

உயிர் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி: வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு கரண்டி சர்க்கரை கரைத்து ஒரு கரண்டி ஈஸ்ட்டைப் போடுங்கள். கால்மணி நேரத்தில் நுரை கட்டவில்லை என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். (கல்ச்சர் வகை நுரைக்காது, அதை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.)

இன்னொரு விஷயம், ஈஸ்ட் பெருவயிற்றில் குடியிருக்காது. ஓரிரு நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். தினமும் கொடுத்தால்தான் பலன், வாரத்துக்கு இரண்டு நாள் கொடுப்பது சாமிக்குப் போட்ட காணிக்கைதான்.

சரி, ரூபாய்க் கணக்குக்கு வருவோம். விலைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இருபத்தைந்து குட்டி, எழுபது நாள்: 1,750 நாள்கூலி மாதிரி வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு கிராம் ஈஸ்ட் என்றால் 1,750 கிராம், கிலோ 900 என்றால் 1,575 ரூபாய், குட்டிக்கு 63. சோடா குட்டிக்கு நாளுக்குச் சராசரி நாலு கிராம் என்றால் 7 கிலோ, கிலோ 60 என்றால் 420 ரூபாய். கொடி கால்கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்து 200 கிராம் என்று வைத்தாலும் 350 கிலோ, கிலோ 8 ரூபாய் என்றால் 2,800. பார்க்கக் கொடிதான் அதிகம். ஆனால் கொடி மருந்து இல்லை, தீனி. அது வயிற்றை நிரப்புகிற அளவுக்குத் தீவனச் செலவு குறையும்.

வரவு? நாளுக்கு 120 கிராம் கூடுகிற குட்டி எழுபது நாளில் 8.4 கிலோ கூடும். ஈஸ்ட் வேலை செய்து நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால் 420 கிராம். உயிர் எடை கிலோ 400 என்றால் 168 ரூபாய், செலவு போக 105. இருபத்தைந்து குட்டிக்கு 2,625. வேலை செய்யவில்லை என்றால் 1,575 போச்சு. எதிர்ப்பக்கம், வயிறு புளித்து 20 கிலோக் குட்டி ஒன்று செத்தால் 8,000 போச்சு. ஆகவே கூடுதல் எடைக்காக ஈஸ்ட் வாங்குவது சூதாட்டம் மாதிரி. சாவைத் தடுக்கிற காப்பீடாக வாங்கினால் கணக்கு நிற்கிறது, ஆனால் குட்டி சாகிற அளவுக்குத் தானியம் போடுகிறவருக்குத்தான் அந்தக் காப்பீடு வேண்டும்.

அதனால் என் தீர்ப்பு இப்படி. காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் சாயங்காலம் கைப்பிடி தவிடோ உளுந்தம்பொட்டோ வைக்கிறவர்கள் ஈஸ்ட் பாக்கெட்டின் பக்கமே போகவேண்டாம், அந்தக் காசுக்குக் குடற்புழு மருந்து வாங்கலாம். பாதி கொடி, பாதி அடர்தீவனம் என்று நிதானமாக வளர்க்கிறவர்கள் பழக்குகிற இரண்டு வாரத்துக்கு மட்டும் சோடா கலந்துகொண்டால் போதும். மாப்பிள்ளை மாதிரி நாள் குறித்துத் தேற்றி விற்கிறவர்கள், கடைசி ஐந்தாறு வாரம் அடர்தீவனம் பாதியைத் தாண்டுகிறவர்கள், இவர்களுக்குத்தான் உயிருள்ள ஈஸ்ட் பொருந்தும். அடர்தீவனம் பாதியைத் தாண்டுவதற்கு ஒரு வாரம் முன்பே ஈஸ்ட்டைத் தொடங்கவேண்டும். குட்டி படுத்தபிறகு கொடுத்து என்ன பிரயோசனம்? அப்போது கால்நடை மருத்துவரைத்தான் கூப்பிடவேண்டும்.

எந்த வகையானாலும் தானியத்தை ஒரே நாளில் ஏற்றக்கூடாது. நூறு கிராமில் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐம்பது ஐம்பதாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் விரும்பின அளவுக்கு வரவேண்டும். தொட்டி நீளம் போதாமல் பெரிய குட்டி முட்டித்தள்ளி மற்றதன் பங்கையும் தின்றுவிடும், செத்துப்போவதும் பெரும்பாலும் அந்தப் பெருந்தீனிக்காரன்தான். நல்ல குட்டியே ஏன் சாகிறது என்று நம் ஊரில் கண்ணேறு கழிப்பார்கள். தொட்டியை இன்னும் நாலு அடி நீட்டினால் பாதிக் கண்ணேறு கழிந்துவிடும்.

நல்ல குட்டி திடீரென்று சாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துள்ளுமாரி. கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியாவின் நஞ்சு அது. தானியம் கூடும்போதும் மழைக்குத் தளிர்ப்புல் வரும்போதும் தாக்கும். ஈஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தடுப்பூசிதான் முக்கிய வழி. முதல்முறை போடுகிற குட்டிக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி. சந்தைக்குட்டி என்றால் முன்னால் போட்டிருப்பார்கள் என்று நம்பாதீர்கள். ஈஸ்ட்டா ஊசியா என்று ஒன்றை மட்டும் எடுக்கிற நிலை வந்தால் யோசிக்காமல் ஊசி.

மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஈஸ்ட் வாங்கவா வேணாமா மாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றான். வாங்கு, ஆனால் இன்றைக்கு வேண்டாம் என்றேன். முதல் வாரம் ஊசியும் குடற்புழு மருந்தும் போட்டு, கொடியில் வயிறு நிரப்பட்டும். அடுத்த இரண்டு வாரம் தானியத்தை மெள்ள ஏற்றுகையில் சோடா. மூன்றாம் வாரக் கடைசியில் புதிதாக ஒரே ஒரு கிலோ உயிருள்ள ஈஸ்ட், அதற்கு மேல் ஒரே தடவையில் வாங்கிச் சேர்க்கவேண்டாம், தீரும்போது இன்னொன்று. அதோடு சோடாவை நிறுத்திவிடவேண்டும்.

பத்துக் குட்டியை ஈஸ்ட் இல்லாமல் தனிப் பட்டியில் விட்டு, இரண்டையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். எடையை நோட்டில் எழுதவேண்டும் என்றதும், "எனக்கு இருக்கிற வேலையில..." என்று இழுத்தான். அந்த வேலையை அப்பத்தா எடுத்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாது, சுவரில் கரிக்கோடு போடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது பார்த்தேன், ஈஸ்ட் பட்டிக்கு இந்தப் பக்கம், கொடிப் பட்டிக்கு அந்தப் பக்கம். இதுவரைக்கும் கோடுகள் கிட்டத்தட்டச் சமமாகத்தான் நிற்கின்றன. தானியம் பாதியைத் தாண்டப்போவது அடுத்த வாரம்தான்.